ஆறு மணிக்கு ஓர் ஆள்: ராஜபாளையம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை

இதற்கு முன் இந்தப் பக்கத்தில் குற்றாலம், கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று சக்கர நாற்காலியில் போய்வந்த ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். இந்த முறை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். பன்னிரண்டு கிலோமீட்டர். "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்பவர்கள் தாராளமாக மூடிவிட்டுப் போகலாம். நான் போன பயணங்களிலேயே என்னை அதிகம் கடுப்பேற்றியது இதுதான் என்பதால் எழுதாமல் விட மனசு வரவில்லை.

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் எஸ்தர், வயது முப்பத்தெட்டு. மூன்று வருஷத்துக்கு முன் டூவீலரிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, வலது தோளையும் முழுசாகத் தூக்க வராது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஓர் ஆள் வேண்டும். வீட்டில் அப்பாவும் நானும்தான். மில்லில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்த மனுஷன், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இப்போது தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னை எங்கே தூக்க?

ஆகவே ஒரு தொண்டு நிறுவனத்தின் தயவு. அவர்கள் அனுப்பும் ஜெயமேரி தினமும் காலை ஒன்பது மணிக்கு வருவாள். செவ்வாய், வெள்ளி பத்தரைக்கு பிசியோதெரபிஸ்ட் வருவார். இருவருமே நல்லவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு விழிப்பு வருவது ஐந்தரைக்கு. அப்போதிருந்து ஒன்பது வரை மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அந்த ஃபேனில் எந்த இறக்கையில் எவ்வளவு ஒட்டடை இருக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

இந்த நிலைமையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் வேலை கிடைத்தது. ஃபோனிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் வெளியூர் ஆர்டர்களைக் குறித்து, கணக்கு வைத்து, பார்சலுக்கு முகவரி அச்சடித்துக் கொடுக்க வேண்டும். விபத்துக்கு முன் மில் ஆபீசில் கணக்குப் பார்த்தவள் நான், இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைக்காரர் அண்ணாச்சி போக்குவரத்துக்கும் அவரே வழி சொல்லிவிட்டார். "கடைக்குப் பால் ஏத்துற வேன் எட்டரைக்கு ஒங்க ஊரு வழியாத்தான் வருது. முன் சீட்டு சும்மாதான் கெடக்கு, ஏறிக்கிடுவியாம்மா? சாயந்தரம் அதே வேன்ல திரும்பிரு." அடுத்த மூச்சிலேயே, "ஆனா வார திங்கக்கெழம வந்துரணும். தீவாளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. முடியலன்னா சொல்லிரு, வேற ஆளப் போட்டுக்கிடுதேன்" என்றார். நியாயமான பேச்சு.

எட்டரைக்கு வேனில் ஏற வேண்டுமென்றால், காலைக்கடன், குளியல், உடை, நாற்காலி என்று எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு மணிக்கு ஓர் ஆள் வந்தால் வேலை. ஒன்பது மணிக்கு வந்தால் ஃபேன். என் பிரச்சினை மொத்தமும் இவ்வளவுதான்.

நிறுவனத்துக்கு ஃபோன் போட்டேன். வீட்டு உதவியாளர் பிரிவில், "ஒன்பதுக்கு முன்னால ஆள் அனுப்ப முடியாது மேடம், நீங்க வேலை நேரத்த மாத்திக் கேளுங்க" என்றார்கள். பிசியோ பிரிவில், "மூணு தடவ வீட்ல இல்லேன்னா பேரு எடுபட்டுரும், அந்த ரெண்டு நாளும் லீவு போட்டுக்கோங்க" என்றார்கள். வேலையில் சேருவதற்கு முன்பே வாரம் இரண்டு நாள் லீவு! இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில், எதிரெதிர் மேஜையில் இருக்கின்றன என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஃபோனை வாங்கியவர் ஒருங்கிணைப்பாளர் தயாளன் சார். அப்போதுதான் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். "மேடம், இப்போ புது முறை ஒண்ணு வந்திருக்கு. நபர் மையத் திட்டமிடல். நாங்க எங்க வசதிக்குச் சேவை குடுக்கிறது கிடையாது. ஒங்க வாழ்க்கைய நடுவுல வெச்சு, அதச் சுத்தி எல்லாச் சேவையையும் ஒருங்கிணைக்கிறது. எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து பேசுவோம். மொத கூட்டமே ஒங்களுக்குத்தான்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் ஒரு படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "ஒங்க கனவு என்ன மேடம்?" என்று கேட்டார். "ஆறு மணிக்கு ஓர் ஆள் சார்" என்றேன். "இல்ல மேடம், பெருசா சொல்லுங்க." "பெருசுதான் சார் அது." எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது பிறகு வருகிறது.

கூட்டம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில். நிறுவனத்தின் தலைவருக்கு அந்த ஊர், மண்டபம் சும்மா கிடைத்ததாம். நாலு பேர் பேசுவதற்கு எதற்கு மண்டபம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஒன்பதுக்கு ஜெயமேரி வந்தாள். அவசர அவசரமாக என்னைக் கிளப்பி, கொடியில் கைக்குக் கிடைத்த சுடிதாரை மாட்டிவிட்டு, ஆட்டோவில் ஏற்றும்போது பத்தே கால். ஆட்டோ கண்ணனுடையது. போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய் பேசியிருந்தேன். ஆட்டோவில் போக நினைப்பவர்களுக்கு: மடக்கும் நாற்காலிதான் பின்பக்கம் கட்ட வசதி. நீங்கள் சீட்டுக்கு மாற வழுக்குப் பலகை ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். கண்ணன் நல்ல பையன், ஆனால் என்னை ஏற்றும்போதெல்லாம் "ஐயோ பாவம்" என்று முனகுவான். "ஏலே, சீட்டப் புடி, பாவத்தப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றேன்.

எங்கள் தெருமுனையில் திரும்பியதும் ஜெயமேரி வெளியே கையை நீட்டி, "யக்கா, அந்தா நீலக் கதவு தெரியுதுல்லா, அதான் எங்க வீடு" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்தெரு. கூப்பிட்டால் கேட்கும்.

"ஏட்டி, நீ சேத்தூர் ரோட்டுப் பக்கமிருந்துல்லா சைக்கிள்ல வருவ?"

"ஆமா, ஆபீசு அங்கனதான இருக்கு. எட்டரைக்கு அங்க போயி கையெழுத்துப் போட்டுட்டு, திரும்பி இங்க வாரேன். போகயில ஒங்க வாசலத் தாண்டித்தான் போவேன். ஐயா பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாவ, ஒரு வணக்கம் வெச்சுட்டுப் போவேன்."

ஆபீஸ் நாலு கிலோமீட்டர். போக நாலு, வர நாலு. என் வாசலைத் தாண்டிப் போய், கையெழுத்துப் போட்டுவிட்டு, என் வாசலுக்கே திரும்பி வருகிறாள். உள்ளே நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். கண்ணனே வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தான். "யக்கா, இது என்ன கூத்து?" என்றான். "நேரா ஆறு மணிக்கு வந்தா ஆகாதா?" என்று ஜெயமேரியைக் கேட்டேன். "எனக்கென்ன யக்கா, நான் எந்திரிக்கிறதே நாலரைக்கு. ஆபீசுல விடணும்லா" என்றாள். சரி, இதற்குத்தானே கூட்டம், இன்றைக்கு இதைப் பேசி முடித்துவிடலாம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பாதை பற்றி: இருபது நிமிஷத்தில் போக வேண்டிய தூரம், முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. ஊரைத் தாண்டுகிற வரை ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். முதுகு பிரச்சினை உள்ளவர்கள் இடுப்புக்கு அணை வைத்துக்கொள்ளுங்கள். ஊர் தாண்டிவிட்டால் மதுரை ரோடு வழுவழுவென்று இருக்கும். இடது பக்கம் மலை கூடவே வரும். அன்றைக்கு மேகம் இறங்கி உச்சி தெரியவில்லை, நல்ல காற்று. வழியில் ஒரு கடையில் டீ சொன்னோம். டீக்கடைக்காரர் என்னைத் தாண்டி ஜெயமேரியைப் பார்த்து, "அவிய சீனி போட்டுக் குடிப்பாவளா?" என்று கேட்டார். "அவிய வாயும் காதும் நல்லாத்தான் இருக்கு, அவியட்டயே கேளுங்க அண்ணாச்சி" என்றேன் நான். மனுஷன் பாவம், சீனியை இரண்டு கரண்டி போட்டுவிட்டார்.

மண்டபத்துத் தெருவில் திரும்பியதும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். எதிரே பத்தடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் நான்.

என் வாட்ஸ்அப் படம். அண்ணன் மகள் கல்யாணத்தில் அவள் என் தோளில் கை போட்டு நின்ற படத்தில் அவளை வெட்டி எடுத்திருந்தார்கள், கையை மட்டும் வெட்ட மறந்துவிட்டார்கள். என் தோளில் யாருடையதோ என்று ஒரு கை, வளையலோடு. மேலே "தன்னம்பிக்கைச் சிகரமே, வருக வருக!" கீழே தலைவர், செயலாளர், ஒரு மில் அதிபர் ஆகியோரின் படங்கள் வரிசையாக. வாசலில் வாழைமரம். சவுண்டு செட்டில் பாட்டு அலறுகிறது.

"யக்கா, ஒங்களுக்குக் கல்யாணமா?" என்று கேட்டான் கண்ணன்.

தயாளன் சார் ஓடி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "எப்படி மேடம்? சர்ப்ரைஸ்! நபர மையத்துல வைக்கணும்ல? மேடையில ஒங்களுக்குத்தான் நடு சீட்டு!" அந்த மனுஷன் நாலஞ்சு நாளாக ராத்திரி பகலாக அலைந்து இதைச் செய்திருக்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நம் பக்கம் ஒருத்தரை மதிக்கிறோம் என்றால் மேடை போட்டு, சால்வை போர்த்தி, மைக்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவோம். சென்னையில் பயிற்சி கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

"கூட்டம் எப்ப சார்?" என்றேன். "ஃபங்ஷன் முடிஞ்சு, சாப்பிட்டுட்டு, செத்த நேரம் ஒக்காந்து பேசிருவோம் மேடம்." பிசியோதெரபிஸ்ட் அருகில் நின்றுகொண்டு, தனக்கு ஒன்றரைக்கு மதுரை பஸ் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

முன்வாசலில் ஏழு படி. நாலு பேர் நாற்காலியோடு தூக்குகிறோம் என்று வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன், ஒருமுறை இப்படித் தூக்கிக் கீழே போட்ட அனுபவம் இருக்கிறது. மண்டபங்களுக்குப் போகும் சக்கர நாற்காலிக்காரர்களே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முன்வாசலை மறந்துவிடுங்கள், சமையற்கட்டைத் தேடுங்கள். அண்டா, கேஸ் சிலிண்டர் உருட்ட எல்லா மண்டபத்திலும் பின்பக்கம் சரிவுப் பாதை இருக்கும். நானும் ஜெயமேரியும் அப்படித்தான் போனோம். சாம்பார் இறக்கிவிட்டிருந்தார்கள். அப்பளம் பொரிந்துகொண்டிருந்தது. ஒரு சமையல்காரர் புளி கரைத்துக்கொண்டே, "அம்மா, வழிய விட்டுப் போங்க, ரசத்துக்கு இன்னும் அடுப்பே காலியாகல" என்றார்.

மேடைக்கும் பின்பக்கம் ஒரு சரிவு இருந்தது, ஏறிவிட்டேன். நிகழ்ச்சி தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து. குத்துவிளக்கு என் தலைக்கு மேலே இருந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டு தலைவரே ஏற்றினார். வரவேற்புரை. சால்வை, அடுத்த சால்வை, அதற்கு மேல் இன்னொரு சால்வை. புழுக்கத்தில் எனக்கு மூச்சு முட்டியது. மில் அதிபர் பேசினார். என்னைப் பார்த்தால் தனக்குக் கஷ்டமே இல்லை என்று தோன்றுகிறதாம். நல்லது.

பிறகு பரிசுகள். முதலில் ஒரு சக்கர நாற்காலி. ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும் ரகம், சக்கரம் என் கைக்கு எட்டாது, எங்கள் வீட்டுக் கதவுக்குள்ளும் நுழையாது. சிரித்துக்கொண்டே ஃபோட்டோவுக்கு உட்கார்ந்தேன். அடுத்து, ரிப்பன் கட்டி, இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். தையல் மிஷின். காலால் மிதிக்கிற தையல் மிஷின்.

தயாளன் சாரைப் பார்த்தேன். அவர் மெல்லக் குனிந்து, "படிவத்துல கனவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சுல்ல மேடம், அதுல சுயதொழில்னு எழுதிட்டேன்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மிஷினை இரண்டு கையாலும் தூக்கி வீசியிருப்பேன், தோள் மட்டும் ஒத்துழைத்திருந்தால்.

மணி பன்னிரண்டே முக்கால். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். என் பெயர் ஒரே இடத்தில்தான் இருந்தது. கடைசியில். "நன்றியுரை: செல்வி எஸ்தர்." அதாவது எல்லாரும் பந்திக்கு எழுந்து ஓடுகிற நேரம். ஞாயிறு ஆபீஸ் கிடையாது. திங்கள் எட்டரைக்கு வேன் என் தெருவைத் தாண்டிப் போய்விடும். பிசியோதெரபிஸ்ட் ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டிவிட்டார். முன்வரிசையில், பக்கத்துச் சுந்தரபாண்டியத்திலிருந்து நிறுவனம் கூட்டிவந்திருந்த பெண்கள் பிள்ளைகளை எழுப்ப ஆரம்பித்தார்கள். மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

"எல்லாரும் செத்த நேரம் ஒக்காருங்க" என்றேன். "நான் சமையற்கட்டு வழியாத்தான் வந்தேன். ரசம் இன்னும் கொதிக்கல."

கூட்டம் சிரித்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ரசம் இல்லாமல் பந்திக்குப் போய் என்ன பண்ண?

"பெரியவங்களுக்கு நன்றி. சால்வைக்கு நன்றி. இந்த மிஷினுக்கும் நன்றி, ஆனா இத மிதிக்க எனக்குக் காலு வராது. சுந்தரபாண்டியத்துல இருந்து வந்த அக்காமாரு முன்னால இருக்கிய, ஒங்கள்ல தைக்கத் தெரிஞ்ச யாராவது எடுத்துக்கோங்க. எனக்குத் தொழில் இருக்கு. திங்கக்கிழமை வேலைல சேரணும். அதுக்கு ஆறு மணிக்கு ஓர் ஆள் வேணும். அதப் பேசத்தான் நான் வந்தேன், வந்த எடத்துல வாழைமரம் கட்டிருக்கு." நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று தெரிந்தது. "ஜெயமேரி, எந்திரி. ஒன் வீடு எங்க இருக்கு, சொல்லு."

ஜெயமேரி வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்தாள். "ஒங்க வீட்டுக்குப் பின்தெருல யக்கா."

"காலைல எட்டு மணிக்கு எங்க போற?"

"ஆபீசுக்கு. கையெழுத்துப் போட."

"எது வழியா?"

"ஒங்க வாசல் வழியாத்தான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நான் திரும்பி, "தயாளன் சார், அவ நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டு, கையெழுத்த ஃபோன்ல அனுப்பக் கூடாதா?" என்றேன். அவருக்கு வேர்த்துவிட்டது. "அது ரூல்ஸ் மேடம், மேலதான் கேக்கணும்." "மேல இருக்கிறவுக யாரு சார்?" அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். தலைவர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்குப் பேசிக்கிடுவோமேம்மா" என்றார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமங்கய்யா. நான் சர்ச்சுக்குப் போயி ஜெபம் பண்ணத்தான் முடியும். இதுக்கு ஆண்டவரு வர வேண்டாம், நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

இப்போது மில் அதிபருக்குப் பொறுக்கவில்லை. மைக்கை என்னிடமிருந்து வாங்கி, "என்ன சார் இது? எங்க மில்லுல ஆறு மணி ஷிப்டுக்கு பஸ் அஞ்சு மணிக்கே ஊரு ஊராப் போயி ஆள ஏத்துது. இந்த ஊர்ல ஆறு மணிக்கு ஆள் வாரது ஒரு விஷயமா?" என்றார். அவருக்கு என் வேலை பற்றிக் கவலையா, மைக் பற்றிக் கவலையா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் கும்பிடு போட்டேன். தலைவர் அதிபரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், "சரி, ஒரு மாசம் பாப்போம்" என்றார்.

நான் மைக்கைத் திரும்ப வாங்கினேன். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், ஆனால் ஒருத்தியை யாரும் கேட்கவில்லை. "ஜெயமேரி, ஒனக்குச் சரியா? இவுக முன்னால தலையாட்டாத. முடியாட்டா முடியாதுன்னு சொல்லு."

அவள் சற்று யோசித்தாள். "ஆறு மணிக்கு வாரேன் யக்கா. எட்டரைக்கு ஒங்கள வேன்ல ஏத்திட்டு, ஓடிப் போயி எம்மகன நானே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருவேன். இப்ப அவன் அப்பந்தான் தலைகூடச் சீவாம அனுப்புதான்." பிறகு குரலை உயர்த்தி, "ஆனா ஞாயித்துக்கெழம எனக்கு லீவு வேணும். மழைக்காலத்துல நம்ம ரெண்டு தெருவுக்கும் நடுச் சந்துல லைட்டு எரியாது. ஐயா டார்ச்சு எடுத்துட்டு முக்குல வந்து நிக்கணும்" என்றாள்.

"எங்கப்பா நிப்பாரு" என்றேன். அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், அவரும் நின்றுகொண்டிருக்கிறார். அவள் வராத ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அண்ணன் வந்துபோவதாக ஏற்பாடு.

நான் ரொம்ப நேரமாக ஒரே ஆளாகப் பேசிவிட்டேன் என்று நினைத்தபோது, பின்னாலிருந்து சமையல்காரர் தலையை நீட்டி, "ரசம் ரெடிய்யா" என்றார். ஒரு நொடியில் மண்டபம் காலி. பிசியோதெரபிஸ்டைப் பிடிக்கச் சொல்லி ஜெயமேரியை அனுப்பினேன். அவர் படியிறங்கிவிட்டார். பிசியோ நேரத்தை மாற்றுகிற விஷயம் இன்றுவரை முடியவில்லை. "சனிக்கிழமை சாயந்தரம் வர முடியுமான்னு பாக்குறேன்" என்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். பேர் எடுபட்டுவிடும் என்று கடிதம் ஒன்றும் வந்திருக்கிறது. அடுத்த சண்டை அதற்கு.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பால்கோவாக் கடையை ஒரு எட்டுப் பார்த்தோம். வாசலில் ஒரே படி. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "நாற்காலி எம்புட்டு அகலம்மா?" இருபத்தைந்து அங்குலம் என்றேன். உள்ளே போய்ப் பலகையை எடுத்து வந்து படியில் சாய்த்து, தானே ஏறி இறங்கிப் பார்த்தார். அவ்வளவுதான் அவர் செய்த திட்டமிடல். பயிற்சிக்கெல்லாம் போனதாகத் தெரியவில்லை.

இதேபோல் ஒரு கூட்டத்துக்கு உங்களையும் கூப்பிட்டால், என் அனுபவத்தில் சொல்ல முடிந்தவை: இடம் எது, எத்தனை பேர், யார் யார் என்று முன்கூட்டியே கேளுங்கள். "மண்டபம்" என்று காதில் விழுந்தால் உஷாராகிவிடுங்கள். உங்கள் தேவையை ஒரே வரியில் எழுதி, படிவத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், "பெருசா சொல்லுங்க" என்றால் மசியாதீர்கள். யாருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதோ அந்த ஆள் அறையில் இருக்கும்போதே கேளுங்கள். உங்களுக்கு உதவ வருகிறவரின் வீடு எங்கே, அவருக்கு எந்த நேரம் தோது என்று அவரிடமே பேசுங்கள், ஆபீஸ் அதைக் கேட்டிருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் நாற்காலி போகும் கழிப்பறை எனக்குக் கிடைக்கவில்லை, தண்ணீரை அளவாகக் குடியுங்கள். நிகழ்ச்சி நிரலில் உங்களுக்கு நன்றியுரை கொடுத்திருந்தால் கோபித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பந்தி எந்த நிலைமையில் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஃப்ளெக்ஸை தயாளன் சார் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். "தப்பாயிருச்சு மேடம், அடுத்த ஆளுக்கு மண்டபம் கெடையாது, வீட்டுல போயி ஒக்காந்து கேக்கப் போறேன்" என்றார். கேட்டால் சரி. ஃப்ளெக்ஸை அப்பா வெளிச் சரிவுப் பாதைக்கு மேலே மழைக்குக் கூரையாகக் கட்டியிருக்கிறார். வெளியே போகும்போதெல்லாம் என் தலைக்கு மேலே நானே சிரித்துக்கொண்டிருக்கிறேன், தோளில் அந்தக் கையோடு.

திங்கட்கிழமை ஆறு அடிப்பதற்கு முன்பே வாசலில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. ஜெயமேரி உள்ளே வந்து லைட்டைப் போட்டாள், ஃபேனை நிறுத்தினாள். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, "யக்கா, இன்னைக்கு எத உடுத்துதிய? பச்சையா, அந்த மாம்பழக் கலரா?" என்று கேட்டாள்.

மூன்று வருஷமாகக் கொடியில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதுதான் என் உடை. யாரும் கேட்டதில்லை, கேட்க நேரமும் இருந்ததில்லை. அழுகை வந்தது, அழுதுவிட்டேன். அவள் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"மாம்பழக் கலர்" என்றேன்.

"இஸ்திரி போடலியே யக்கா."

சுவரைப் பார்த்தேன். மணி ஆறு பத்து.

"நேரம் இருக்குட்டி" என்றேன். "போடு."